சுருட்டுப் பட்டறையிலிருந்து சிறுசேரி வரை: ஒரு சம்மேளனம் யாரைக் கணக்கில் சேர்க்கும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் அனுப்பிய கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். "ப்ரோ, செய்தியில ஏஐடியுசி, சிஐடியு, தொமுசன்னு வந்துக்கிட்டே இருக்கு. இதெல்லாம் சங்கமா, கட்சியா? ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறவங்க ஒரு சங்கம் வச்சா போதாதா? அதுக்கு மேல எதுக்கு இன்னொரு பெரிய சங்கம்? அப்புறம், ஐடியில இருக்கிற நான் இதுல எங்கேயாவது வர்றேனா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும்னா ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம். அதைக் கடைசியில் சொல்றேன். முதல் மூணு கேள்விக்குப் பதில் தேடினால் 1886இல் அமெரிக்காவில் ஆரம்பித்து, பாரிஸ் போய், பெரம்பூர் வந்து, நம்ம ஓஎம்ஆர் வரைக்கும் வரணும். நடுவில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த ரெண்டு பேர் வர்றாங்க. அவங்க கதைக்காகவே இந்த எபிசோடைப் பண்ணலாம்.

முதலில் சம்மேளனம்னா என்ன? நம்ம ஆட்களுக்கு ஈமெயிலை வச்சுச் சொன்னால் சட்டுனு புரியும். உங்க சர்வர் வேற, என் சர்வர் வேற. உங்க சர்வர்ல யாருக்குக் கணக்கு கொடுக்கணும்னு நீங்க முடிவு பண்றீங்க. ஆனா ரெண்டும் ஒரே விதியைப் பின்பற்றுவதால் கடிதம் போகுது, வருது. தொழிற்சங்கச் சம்மேளனமும் அப்படித்தான். கீழே ஒவ்வொரு சங்கமும் தனித்தனி. தனி உறுப்பினர், தனிச் சந்தா, தனி நிர்வாகிகள். மேலே எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு பொது அமைப்பு. சட்டம் மாறணும், ஒரு ஊர் வேலைநிறுத்தத்துக்கு இன்னொரு ஊரிலிருந்து பணம் போகணும், அரசாங்கத்தோடு பேசணும்னா அந்தப் பொது அமைப்பு பேசும்.

இந்த வடிவத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்கன் ஃபெடரேஷன் ஆஃப் லேபர். சுருக்கமாக ஏஎஃப்எல். 1886 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் தொடங்கியது. தலைவர் சாமுவேல் காம்பர்ஸ். லண்டனில் பிறந்து, 13 வயதில் நியூயார்க் வந்து, சுருட்டுச் சுற்றும் தொழில் செய்தவர். இடையில் ஒரே ஒரு வருஷம் தவிர, 1924இல் இறக்கும் வரை அவர்தான் தலைவர்.

இங்கே ஒரு சின்னத் தகவல், பாட்காஸ்ட் கேட்கிறவங்களுக்குப் பிடிக்கும். அந்தக் காலத்துச் சுருட்டுப் பட்டறை சத்தமில்லாத இடம். மெஷின் கிடையாது. அதனால் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரைச் செய்தித்தாளும் புத்தகமும் சத்தமாக வாசிக்கச் சொல்லுவாங்க. வாசிக்கிற நேரத்தில் அவர் சுற்றாமல் விட்ட சுருட்டை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துடுவாங்க. அரசியல், பொருளாதாரம் எல்லாம் காம்பர்ஸ் கையில் வேலை நடக்கும்போதே காதில் கேட்டு வளர்ந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கிட்டு கோட் அடிக்கிற நம்மைப் பார்த்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஏஎஃப்எல்லில் இருந்தவை தொழில்வாரிச் சங்கங்கள். தச்சர்களுக்கு ஒன்று, அச்சுக்கோப்பவர்களுக்கு ஒன்று, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு ஒன்று. எல்லாரும் கைத்திறன் உள்ளவர்கள். இதில் ஒரு தெளிவான கணக்கு இருந்தது. நல்ல தச்சர் இன்றைக்கு வேலையை விட்டு இறங்கினால், நாளைக் காலையில் அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்த முடியாது. அந்தத் திறமைதான் பேரம் பேசும் பலம். அதோடு அதிகச் சந்தா. சந்தாவிலிருந்து வேலைநிறுத்த நிதி, நோய்க்கால உதவி. கையில் பணம் இருக்கிற சங்கம் ரெண்டு மாசம் தாக்குப் பிடிக்கும். இல்லாத சங்கம் ரெண்டு வாரத்தில் திரும்பிப் போகும். காம்பர்ஸுக்குப் பெரிய தத்துவம் எதிலும் ஆர்வம் கிடையாது. கூலி கூடணும், நேரம் குறையணும், அதுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகணும். அவ்வளவுதான்.

மே தினத்திலும் இவங்களுக்குப் பங்கு உண்டு. 1886 மே மாதச் சிகாகோ சம்பவங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதோடு எட்டு மணி நேர இயக்கம் படுத்துவிட்டது. 1888இல் ஏஎஃப்எல் மாநாடு கூடி, 1890 மே 1 அன்று மீண்டும் எட்டு மணி நேரத்துக்காகக் கிளம்புவோம்னு முடிவெடுத்தது. அடுத்த வருஷம் பாரிஸில் கூடிய சர்வதேச சோஷலிஸ்ட் மாநாடு, அமெரிக்கர்கள் ஏற்கெனவே இந்தத் தேதியைக் குறித்துவிட்டார்கள் என்பதாலேயே அதே தேதியை உலகம் முழுவதுக்கும் எடுத்துக்கொண்டது. அந்தத் தேதி 33 வருஷம் கழித்து மெட்ராஸ் கடற்கரைக்கு வந்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம் நடத்தினார். இந்தியாவின் முதல் மே தினம் அது.

சரி, ஏஎஃப்எல்லின் இன்னொரு பக்கம். தொழில்வாரியாகப் பிரித்ததால் சண்டை தொழில்களுக்குள்ளேயே வந்தது. கட்டடங்களில் மரக் கதவுக்குப் பதிலாக உலோகக் கதவு வந்தப்போ, அதை மாட்டுவது தச்சர் வேலையா, தகர வேலைக்காரர் வேலையான்னு ரெண்டு சங்கங்கள் வருஷக்கணக்கில் மோதின. சிரிப்பு வருது இல்லையா? 'இது ஃபிரண்ட் எண்ட் டிக்கெட்டா, பேக் எண்ட் டிக்கெட்டா'ன்னு நாம அடிச்சுக்கிறதும் இதுதான்.

ஆனால் இன்னொன்று சிரிப்புக்குரியதல்ல. திறனில்லாத தொழிலாளர்கள்னு ஒதுக்கப்பட்டவர்களுக்கு அங்கே இடமே இல்லை. பல சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை, பெண்களைச் சேர்க்கவில்லை. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள்ளேயே வரக் கூடாதுன்னு காம்பர்ஸே பிரசாரம் செய்தார். தன் ஆட்களைக் காப்பாற்ற, வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் பின்னாடி முப்பதுகளில் கார், எஃகுத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் பெருகினாங்க. அவங்களுக்காக 1935இல் சிஐஓன்னு தனி அணி உருவாச்சு. ஒரே ஆலையில் இருக்கிற எல்லாருக்கும், திறன் பார்க்காமல், ஒரே சங்கம் என்பது அவங்க கொள்கை. 1936 கடைசியில் ஃபிளின்ட் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் உட்கார்ந்து 44 நாள் வேலைநிறுத்தம் செய்து அங்கீகாரம் வாங்கினாங்க. ரெண்டு சம்மேளனமும் 1955இல்தான் ஒன்று சேர்ந்தன.

இப்போ பாரிஸ். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் சமாதான மாநாடு நடக்குது. அங்கே தொழிலாளர் சட்டங்களுக்காக ஒரு கமிஷன். அதுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம சுருட்டுக்காரர் காம்பர்ஸ்தான். அந்தக் கமிஷன் எழுதியதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின், அதாவது ஐஎல்ஓவின், அடிப்படை விதிகள். அதில் ஒரு விதி: ஒவ்வொரு நாடும் மாநாட்டுக்கு நாலு பிரதிநிதிகளை அனுப்பணும். அரசாங்கத்துக்கு ரெண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளர்களுக்கு ஒன்று. தொழிலாளர் பிரதிநிதியை, அந்த நாட்டில் தொழிலாளர்களை அதிகம் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்போடு கலந்து தேர்ந்தெடுக்கணும்.

இந்தியாவும் ஐஎல்ஓவில் உறுப்பினர். ஆனால் அப்படியொரு அமைப்பு இந்தியாவில் இல்லை. 1919இல் வாஷிங்டனில் நடந்த முதல் மாநாட்டுக்கு என்.எம். ஜோஷியைப் பிரிட்டிஷ் அரசாங்கமே நியமித்து அனுப்பியது. ஜோஷி நல்ல மனிதர், அது வேற விஷயம். எங்க பிரதிநிதியை நீங்க எப்படி நியமிக்கலாம்னு சங்கங்கள் கேட்டன. கேட்க வேண்டுமானால் முதலில் ஒன்றாக ஆகணும். 1920 அக்டோபர் 31 அன்று பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ், ஏஐடியுசி, தொடங்கியது. முதல் தலைவர் லாலா லஜபதி ராய். போர்க்காலத்தின் பெரும்பகுதியை நியூயார்க்கில் கழித்துவிட்டு அந்த வருஷம்தான் நாடு திரும்பியிருந்தார்.

ஆசியர்களே வரக் கூடாதுன்னு வேலி போட்ட மனிதர் தலைமையில் எழுதின ஒரு விதி, ஆசியாவில் ஒரு பெரிய சம்மேளனம் பிறக்கக் காரணமாச்சு. இந்தக் கண்ணியை நான் ரொம்ப ரசிச்சேன், அதான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

ஆனால் சம்மேளனம் ஆகாயத்திலிருந்து குதிக்காது. கீழே சங்கம் இருக்கணும். அதில் முன்னால் நின்றது மெட்ராஸ்.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள். பி அண்ட் சி மில்னு பெரியவங்க சொல்லுவாங்க. கோவளம், மாமல்லபுரம் வழியாக ஓஎம்ஆருக்கு இணையாகவே ஓடுதே பக்கிங்ஹாம் கால்வாய், அதே பெயர். 1875 முதல் 1880 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. தாதுவருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்கு நிவாரண வேலையாகத்தான் கால்வாயின் ஒரு பகுதியை வெட்ட வைத்தாங்க. அந்த வேலைக்குச் சங்கமும் இல்லை, பேரமும் இல்லை.

ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பஜனை சபை நடத்தினாங்க. ஆலையிலிருந்து வருபவர்கள் பாட்டுக் கேட்க உட்காருவாங்க. பாட்டு முடிந்ததும் ஆலைக் கதையைச் சொல்லி அழுவாங்க. மேஸ்திரியின் அடி, நீண்ட நேர வேலை, அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டிய மதிய இடைவேளை. இவங்க ரெண்டு பேரும் போய்ப் பேச்சாளர்களைக் கூட்டிவந்தாங்க. ஒருவர் அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியா. இன்னொருவர் திரு.வி.க. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு இதைத்தான் சொல்லுவாங்க. வாடியா தலைவர். அவர்களின் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று சோறு தின்ன இன்னும் சில நிமிஷம் வேணும் என்பது.

நான் சொன்ன ரெண்டு செங்கல்பட்டுக்காரர்களில் முதலாமவர் இந்தத் திரு.வி.க. 1883இல் செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர். இப்போ அது தண்டலம். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தார், பின்னாடி ஆசிரியராகவும் இருந்தார். அதை விட்டுவிட்டு 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். மேடையில் ஆங்கிலம் ஆண்ட காலத்தில் தமிழிலேயே பேசி, தொழிலாளிக்குப் புரிய வைத்தவர்.

1920 கடைசியில் பி அண்ட் சி ஆலையில் கதவடைப்பு. டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, ரெண்டு பேர் இறந்தாங்க. கம்பெனி இன்னொரு ஆயுதத்தையும் எடுத்தது. வாடியா மீதும் மற்ற சங்கத் தலைவர்கள் மீதும் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. என்ன குற்றம்? எங்களோடு ஒப்பந்தத்தில் இருக்கிற தொழிலாளர்களை அதை மீறச் சொல்லித் தூண்டுகிறார் என்பதுதான். நீதிமன்றமும் தடை உத்தரவு கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க, சங்கம் வைக்கிறதே ஒப்பந்தத்தைக் கெடுக்கிற வேலைன்னு ஆகிவிட்டது. கடைசியில் சமரசம் ஆனது. அதன் விலை, வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகணும். விலகினார்.

சம்மேளனம் எதுக்குன்னு கேட்டீங்களே, இங்கேதான் அது கண்ணுக்குத் தெரியுது. பெரம்பூர்ச் சங்கம் தனியாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிஞ்சிருக்கும். ஆனால் 1921இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்னு தீர்மானம் கொண்டுவந்தார். முதலாளிகள் தரப்பு எதிர்த்தது, இழுத்தடித்தது. அஞ்சு வருஷம் கழித்து 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கம் நியாயமான தகராறில் இறங்கினால், அதன் நிர்வாகி மேல் அந்த மாதிரி வழக்குப் போட முடியாது. பெரம்பூரில் ஒருவரை வீழ்த்திய வழக்கு, நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வரக் காரணமாச்சு.

இதுவரை சொன்னது பாடப் புத்தகத்திலும் ஓரளவு இருக்கும். அடுத்தது பெரும்பாலும் இருக்காது.

1921 மே மாதம் கர்நாட்டிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அடுத்த மாதம் பக்கிங்ஹாம் ஆலையும் சேர்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள் மூணு தரப்பும் உண்டு. போராட்டம் நீண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு நடந்தது வேலைநிறுத்தமாக இல்லை. புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன, அடிதடி, மறுபடியும் துப்பாக்கிச் சூடு, சாவு. ஆறு மாசம் இழுத்து, சங்கம் தோற்றது.

'கருங்காலிகள் காட்டிக் கொடுத்தாங்க'ன்னு ஒரே வரியில் சொல்லி முடிக்கிற வழக்கம் உண்டு. எனக்கு அது ஒத்துக்கலை. இங்கேதான் ரெண்டாவது செங்கல்பட்டுக்காரர் வர்றார். எம்.சி. ராஜா. அதே 1883இல், அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பரங்கிமலையில் பிறந்தவர். அதே ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர். அவரும் ஆசிரியர். மெட்ராஸ் சட்டசபைக்குப் போன முதல் ஆதிதிராவிட உறுப்பினர். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேற. சங்கத்தின் மேடையில் எங்க ஆட்கள் எத்தனை பேர்? வேலைநிறுத்தம் எப்போ தொடங்கணும், எப்போ முடியணும்னு யார் முடிவு செய்றாங்க? சம்பளம் நின்றால் ஊரில் கொஞ்சம் நிலமோ சொந்தக்காரங்களோ இருக்கிறவன் மூணு மாசம் ஓட்டுவான். சேரிக் குடிசையும் அந்த நாள் கூலியும் மட்டும் இருக்கிறவன் என்ன செய்வான்? ஆலை நிர்வாகமும் அதிகாரிகளும் இந்தப் பிளவை நல்லாவே பயன்படுத்திக்கிட்டாங்க, அதுவும் உண்மை. ஆனால் பிளவை அவங்க புதுசாக உண்டாக்கலை. அது சங்கத்துக்குள்ளேயே இருந்தது.

ஒரே வருஷத்தில், ஒரே மாவட்டத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்த ரெண்டு ஆசிரியர்கள். 1921இல் ரெண்டு பக்கம். அமெரிக்காவில் வேலி திறமையின் பெயரால் போடப்பட்டது. இங்கே யாரும் வேலி போடலை, சங்கம் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் வெளியே தெருவில் இருந்த கோடு உள்ளேயும் அப்படியே ஓடிக்கிட்டிருந்தது.

அடுத்த அம்பது வருஷத்தை வேகமாகத் தாண்டறேன், ஏன்னா அது பெரும்பாலும் உடையும் கதை. 1929இல் நாக்பூரில் நேரு தலைமையில் நடந்த மாநாட்டில் ஏஐடியுசி உடைந்தது. 1931இல் மறுபடியும். பின்னாடி ஒட்டினாங்க. 1947இல் காங்கிரஸ்காரர்கள் ஐஎன்டியுசி தொடங்கினாங்க, அடுத்த வருஷம் சோஷலிஸ்டுகள் எச்எம்எஸ், 1955இல் பிஎம்எஸ், 1970இல் சிஐடியு. அதே காலத்தில் திமுகவின் தொமுச. அமெரிக்கச் சம்மேளனம் தொழில்வாரியாகப் பிரிந்தது, நம்மது கட்சிவாரியாக. "சங்கமா கட்சியா"ன்னு கேட்டீங்களே, ரெண்டுக்கும் நடுவில்தான் நிற்குது. அதில் நன்மையும் உண்டு. கட்சி வழியாகச் சட்டசபை வரை குரல் போகும். கெடுதலும் உண்டு; ஆட்சியில் நம்ம கட்சி இருந்தால் குரல் தானா இறங்கும். இதுக்குப் பெயர் சொல்லி உதாரணம் கேட்காதீங்க, கமென்ட்ல சண்டை வந்துடும்.

கட்சிச் சம்மேளனங்களுக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகணும். 1979இல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம்னு ஒன்று தொடங்கியது. கட்டட வேலையை நீங்க தினமும் பார்க்கிறீங்க. நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை வண்டியில் போனால் பத்து சைட்டாவது கண்ணில் படும். கொத்தனாருக்கு ஒரு கூலி, பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல. சித்தாள் பெரும்பாலும் பெண்தான். இருபது வருஷம் கல் சுமந்தாலும் சித்தாளாகவே இருப்பார். கரண்டி அவர் கைக்கு வராது. ஏஎஃப்எல்லாக இருந்திருந்தால் கொத்தனாருக்கு மட்டும் சங்கம் வச்சிருக்கும். இவங்க கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், சித்தாள் எல்லாரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தாங்க. நிரந்தர முதலாளி கிடையாது, இன்றைக்கு ஒரு மேஸ்திரி, நாளைக்கு ஒரு மேஸ்திரி. யாரிடம் கோரிக்கை வைப்பது? அரசாங்கத்திடம் வச்சாங்க. 1982இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். எண்பதுகளின் நடுவில் இந்தியா முழுக்க ஒரு பிரசாரக் குழு சேர்ந்து, 1996இல் மத்தியச் சட்டம். கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் வரி கட்டணும்; அந்தப் பணத்திலிருந்து விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம். நீங்க உட்கார்ந்திருக்கிற ஐடி பார்க் கட்டடமும் அந்த வரிக்குள் வருவதுதான்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பக்கம் போனால் காலையிலேயே உளிச் சத்தமும் கட்டிங் மெஷின் சத்தமும் கேட்கும். இந்தியாவிலேயே அபூர்வமான கைத்திறன். அங்கே இருக்கிற கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, அரசு சிற்பக் கல்லூரி உண்டு. ஆனால் வேலை சின்னச் சின்னப் பட்டறைகளில் சிதறிக் கிடக்குது. கல்லை முதல் உருவத்துக்குக் கொண்டுவருகிறவர் ஒருவர், முகமும் நகையும் செதுக்குகிறவர் ஒருவர், பாலிஷ் போடுகிறவர் ஒருவர். கல் தூசி மூணு பேர் நுரையீரலுக்கும் ஒரே மாதிரிதான் போகும். சிலிக்கோசிஸ்னு அந்த நோய்க்குப் பெயர், வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. இவங்க யாரும் ஒரே கேட்டுக்குள் நுழைகிற ஆலைத் தொழிலாளிகள் இல்லை. கைவினைத் தொழிலாளர்களுக்குத் தனியாக நல வாரியம் இருக்குதுன்னா, அது கட்டடத் தொழிலாளர்கள் வெட்டின பாதைதான்.

இப்போ நம்ம காலம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் உள்ளே வரும், மறைமலை நகர் உள்ளே வரும். இன்றைக்கு இந்த ரெண்டு ஊரும் காஞ்சிபுரம், செங்கல்பட்டுன்னு ரெண்டு மாவட்டத்தில் இருக்கு. கார், ஃபோன், டிவி எல்லாம் செய்கிற பகுதி இது.

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. 37 நாள் நடந்தது. முக்கியக் கோரிக்கை கூலி மட்டும் இல்லை. சிஐடியுவோடு இணைந்த அவங்க சங்கத்தைப் பதிவு பண்ணணும், அங்கீகரிக்கணும். கம்பெனி தரப்பு, சங்கத்தின் பெயரில் தங்கள் பெயர் வரக் கூடாதுன்னு எதிர்த்தது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. எந்தச் சட்டத்தின் கீழே? அதே 1926ஆம் வருஷச் சட்டம். வாடியாவை விரட்டிய வழக்கின் விளைவாக வந்தது, கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துப் பக்கத்து ஊரிலேயே பயன்பட்டது. 'வெளியாள் எதுக்கு, எங்க ஊழியர்களோட நாங்களே பேசிக்கிறோம்' என்ற வாதமும் நூறு வருஷப் பழசு.

மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை கதை வேற மாதிரி. 2021 செப்டம்பரில் மூடப் போறோம்னு அறிவித்தாங்க. 2022இல் செட்டில்மென்ட்டுக்காக நிரந்தரத் தொழிலாளர்கள் போராடினாங்க, பேசினாங்க. அந்த ஆலையை நம்பி இருந்த கேன்டீன்காரர்கள், வேன் டிரைவர்கள், உதிரிபாகக் கம்பெனிகளின் காண்ட்ராக்ட் பையன்கள் யாருக்கும் அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் நாற்காலி இல்லை.

இதில்தான் இப்போ ஒரு விஷயம் கவனிக்கணும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய 1926 சட்டம் இதற்குள் அடங்கிவிட்டது. ஒரு நிறுவனத்தில் பல சங்கம் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும். யாருக்கும் அவ்வளவு இல்லைன்னா, குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. கேட்க நியாயமாகவே இருக்கு. அங்கீகாரத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்களுக்கு ஒரு விதி கிடைச்சிருக்கு. ஆனால் 51 சதவீதம் எதில்? அந்த நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களில். அதே லைனில், அதே யூனிஃபார்மில், வேற நிற ஐடி கார்டோடு நிற்கிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் காண்ட்ராக்டரின் பதிவேட்டில் இருக்கும். கணக்கில் அவர் வர மாட்டார். சம்மேளனங்கள் இந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்குப் பல காரணம் சொல்றாங்க. எனக்கு முதலில் கண்ணில் பட்டது இந்த ஒரு வார்த்தைதான். நிரந்தரத் தொழிலாளிகள் சங்கமே முன்வந்து காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்தால்தான் உண்டு. சேர்த்தால் தங்கள் செட்டில்மென்ட் குறையுமோன்னு பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். 1910இல் அமெரிக்கத் தச்சருக்கும் இருந்ததுதான்.

சரி நண்பரே, உங்க கடைசிக் கேள்வி. ஐடியில் இருக்கிற நீங்க வர்றீங்களா? சங்கம் வைக்க எந்தத் தடையும் கிடையாது. 2016லேயே தமிழ்நாடு அரசு ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம்னு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐடி ஊழியர்களுக்கான சங்கங்கள் சென்னையிலேயே இயங்குது. தொழில் தகராறுச் சட்டங்களின் பாதுகாப்பு கிடைக்குமா என்பதுதான் தனிக் கேள்வி. உங்க பதவிப் பெயரில் என்ன இருக்கு என்பதைவிட நீங்க உண்மையில் செய்கிற வேலை முக்கியம். தொழில்நுட்ப வேலை செய்பவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வர முடியும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வர மாட்டார். மேற்பார்வை வேலையில் மாசம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரும் வர மாட்டார். அதனால்தான் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன பையனுக்குக்கூட 'லீட்', 'மேனேஜர்'னு ஒரு பட்டம் கொடுத்து வைக்கிறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வேலையை விட்டு அனுப்பும்போது ஹெச்ஆர் "நீங்களே ராஜினாமா கொடுங்க"ன்னு சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி ஒரு நாள் டைம் கேளுங்க. அந்த ஒரு நாளில் ஒரு சங்கத்துக்காரரிடமோ தொழிலாளர் வக்கீலிடமோ பேசுங்க. நீங்களாகவே எழுதிக் கொடுத்த ராஜினாமாவை எதிர்த்து வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

உங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணாவும் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் எந்தப் பதிவேட்டில் இருக்காங்கன்னு இந்த வாரம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் என்ன வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் காண்ட்ராக்ட் முறை பற்றிப் பேசும்போது சேர்த்துக்கிறேன். அதுவரைக்கும் பை மக்களே.